தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

திருகோணமலை

அன்பின் தோழிக்கு,

உன் நீண்ட மின்னஞ்சல் கிடைத்தது. அம்மாவின் கால் வீக்கம் குறைந்துவிட்டது, கிளினிக்குக்கு மாதம் ஒருமுறை போனால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். மாரி இந்த முறை பிந்தித்தான் தொடங்கியது, தொடங்கிய பிறகு விடவேயில்லை. கோட்டைப் பக்கத்து மான்கள் நனைந்துகொண்டு மரங்களுக்குக் கீழே நிற்கின்றன. ஊர்ப் புதினம் இவ்வளவுதான். மிச்சக் கடிதம் முழுக்க உன் மகளுக்காக எழுதுகிறேன், அவளுக்கும் வாசித்துக் காட்டு.

பள்ளிக்கூடத்தில் உயிரியலில் முதலாவதாக வந்த பிள்ளை, ரொறன்ரோவில் பல்கலைக்கழகத்தின் முதல் பரீட்சையில் அரைவாசிப் புள்ளியோடு வந்து நின்றதாக எழுதியிருந்தாய். "மரமும் விலங்கும் படிக்கத்தானே போனேன், இவர்கள் இரசாயனமும் கணக்கும் படிப்பிக்கிறார்கள்" என்று அழுதாளாம், பாடத்தை மாற்றட்டுமா என்றும் கேட்டாளாம். அவள் அழுததில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த இரசாயனத்தையும் கணக்கையும் விட்டுவிட்டு அவள் தேடிப் போன மரத்தையும் விலங்கையும் பிடிக்க முடியாது. இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

விஞ்ஞானம் எடுக்கும் பிள்ளைகளுக்கான முதலாம் ஆண்டு உயிரியல் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான். மூலக்கூறு, கலம், சக்தி, பரம்பரை ஒரு பாதி. கூர்ப்பு, உயிரினங்களின் வகைகள், தாவர விலங்குகளின் உடற்றொழில், சூழலியல் மற்றப் பாதி. இவ்வளவும் இரண்டு செமஸ்டருக்குள் ஓடி முடிய வேண்டும். இதைப் பெயர் பெயராகப் பாடமாக்கி முடிக்க யாராலும் ஏலாது. இங்கே உயர்தரத்துக்கு வரும் பிள்ளைகளிலும் அதைத்தான் பார்க்கிறேன். ரியூஷன் நோட்ஸைக் கரைத்துக் குடித்து 'ஏ' எடுத்துவிடுவார்கள். கம்பசுக்குப் போய் முதல் ஆறு மாதத்தில் திணறுவார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நுணுக்குக்காட்டியைக் கொடுத்து "என்ன தெரிகிறது?" என்று கேட்காமல், தெரிய வேண்டியதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

சரி, அவள் என்ன செய்யலாம்? ஒரேயொரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளட்டும், அதை எல்லா அத்தியாயத்துக்குள்ளும் கொண்டு போகட்டும். நான் என் வகுப்பில் கொடுக்கிற கேள்வி இதுதான்: தண்ணீர் எந்தப் பக்கம் போகும், ஏன்?

றியோ இலைப் பரிசோதனை உனக்கு மறந்திருக்காது. இலையின் கீழ்ப்புறத்து ஊதாத் தோலைச் சவரத் தகட்டால் கீறி, இடுக்கியால் பிடித்து உரித்து எடுப்போம். உரித்த துண்டுகளை 0.1 மோலில் தொடங்கிச் செறிவு கூடிக்கொண்டு போகும் சுக்குரோசுக் கரைசல்களில் ஊறவிட்டு, ஒவ்வொன்றாகக் கண்ணாடி வழுக்கியில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்போம். ஐதான கரைசலில் கலம் முழுக்க ஊதா நிரம்பியிருக்கும். செறிவு கூடக் கூட அந்த ஊதா ஒரு மூலையிலிருந்து விலகத் தொடங்கும். கலச்சுவர் இருந்த இடத்திலேயே இருக்க, உள்ளே இருப்பது மட்டும் சுருங்கி ஒரு பக்கமாக ஒதுங்கும். கரைந்த பொருளின் செறிவு கூடிய பக்கத்துக்கு மென்சவ்வைத் தாண்டி நீர் போகிறது, பிரசாரணம் என்பது இதுதான். பாதிக் கலங்கள் சுருங்கத் தொடங்கியிருக்கும் கரைசல் எதுவோ, அதன் செறிவிலிருந்து கலச்சாற்றின் கரைய அழுத்தத்தைக் கணிக்கலாம். இந்த விடையைப் பிள்ளைகள் இலையைக் கண்ணால் காண முன்னமே எழுதிவிடுவார்கள்.

ஆனால் எண்ணச் சொல்லிப் பார். ஒரே கரைசலில் ஒருத்திக்கு அரைவாசிக் கலம் சுருங்கியிருக்கும், பக்கத்தில் இருப்பவளுக்குக் கால்வாசி. ஒரே துண்டில் நரம்போரத்துக் கலம் ஒரு மாதிரி, நடுவில் இருப்பது இன்னொரு மாதிரி. உடனே "ரீச்சர், எது சரி?" என்று கேட்பார்கள். இரண்டும் சரி என்று சொல்லி, எல்லாருடைய எண்ணிக்கையையும் கரும்பலகையில் எழுதி, சராசரியையும் நியம விலகலையும் எடுக்க வைப்பேன். அப்போது வரைபில் புள்ளிகள் கோட்டில் ஒழுங்காக விழாமல் அங்குமிங்கும் கிடக்கும். உயிருள்ளவை ஒன்றைப்போல ஒன்று இருப்பதில்லை. உன் மகள் வெறுக்கிற புள்ளிவிபரம் அதனால்தான் உயிரியலுக்குள் வந்தது.

அதே கேள்வியை இன்னும் கீழே கொண்டு போகலாம். தண்ணீர் கலமென்சவ்வைத் தாண்டுவது எப்படி? கொழுப்புப் படையினூடாகக் கசிகிறது என்பதுதான் நெடுநாள் விளக்கம். செங்குழியத்திலும் சிறுநீரகத்திலும் நீர் பாய்கிற வேகத்துக்கு அந்தக் கசிவு போதாது. 1992 இல் அமெரிக்காவில் பீற்றர் அக்ரியின் குழு, செங்குழியத்தில் ஏராளமாகக் கிடந்த ஒரு புரதத்தைச் சந்தேகித்தது. தவளையின் முட்டைக் கலங்களை எடுத்தார்கள், அவற்றுக்குள் நீர் இலகுவில் புகாது. சிலவற்றுக்கு அந்தப் புரதத்தைச் செய்யும் ஆர்.என்.ஏ.யை ஊசியால் ஏற்றினார்கள், சிலவற்றுக்கு வெறும் நீரை. சில நாள் கழித்து எல்லாவற்றையும் ஐதான கரைசலில் போட்டார்கள். ஆர்.என்.ஏ. ஏற்றியவை வீங்கிச் சில நிமிடங்களில் வெடித்தன. மற்றவை அப்படியே இருந்தன. இந்தப் பரிசோதனை அவ்வளவு சுத்தமானது, ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்கு உற்சாகம் வரும். அந்த நீர்வாய்க்கால் புரதத்துக்காக அக்ரிக்கு 2003 இல் நோபல் பரிசு கிடைத்தது. கிடைத்தது இரசாயனப் பிரிவில். அதை உன் மகளிடம் மறக்காமல் சொல்.

அடுத்து மெண்டல். பட்டாணியில் உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850 என்று அவர் எண்ணியிருக்கிறார். மூன்றுக்கு ஒன்று என்றால் 5493 உம் 1831 உம் வந்திருக்க வேண்டும். வித்தியாசம் 19 விதை. இந்த 19 தற்செயலாக வரக்கூடியதா, இல்லை எங்கள் கருத்தே பிழையா என்று கேட்பதற்குத்தான் கை வர்க்கச் (chi-square) சோதனை இருக்கிறது. ஆனால் 1866 இல் அவர் கட்டுரை அச்சாகி நூறு வருடத்துக்கு மேலாகியும், அந்த விதை ஏன் சுருங்கியது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. 1990 இல்தான் தெரிந்தது. மாப்பொருளைக் கிளைவிடச் செய்யும் நொதியம் ஒன்றின் பரம்பரையலகுக்குள் ஏறக்குறைய 800 எழுத்து நீளமான டி.என்.ஏ. துண்டு ஒன்று புகுந்து அதைக் கெடுத்திருக்கிறது. நொதியம் இல்லாததால் மாப்பொருள் குறைகிறது, சுக்குரோசு தேங்குகிறது. சுக்குரோசு தேங்கினால் நீர் எந்தப் பக்கம் போகும்? விதைக்குள்ளே. முற்றாத விதை ஊதிப் பெருக்கிறது, காயும்போது அந்த நீரெல்லாம் போக, தோல் சுருங்குகிறது.

பார், பரம்பரை, நொதியம், டி.என்.ஏ., பிரசாரணம் என்று புத்தகத்தில் நான்கு இடத்தில் கிடப்பது ஒரு பட்டாணிக்குள் இருக்கிறது. சுருங்கிய பட்டாணி இனிப்பாக இருப்பதற்கும் அதே காரணந்தான். முதலாம் ஆண்டில் ஒரு பிள்ளைக்கு இந்த ஒன்றை முழுதாக விளங்கப்படுத்தினால், மற்றவற்றை அவள் தானாகவே தேடிப் போவாள் என்று நம்புகிறேன்.

விலங்குக்கும் இங்கே தூரம் போகத் தேவையில்லை. கடல்நீரில் உப்பு லீற்றருக்கு 35 கிராம் அளவில். பாரை மீனின் இரத்தத்தில் செறிவு அதில் மூன்றிலொன்றுதான், அதனால் அதன் உடம்பிலிருந்து நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அது கடலைக் குடித்து, உப்பைப் பூக்கள் (செவுள்கள்) வழியே வெளியேற்றிச் சமாளிக்கிறது. சுறா அப்படிச் செய்வதில்லை. யூரியாவை இரத்தத்தில் தேக்கி வைத்துக் கடலின் செறிவுக்கே வந்துவிடுகிறது, கொஞ்சம் கூடவும் இருக்கும். அவ்வளவு யூரியா புரதங்களைக் குலைத்துவிடும் என்பதால் அதைத் தடுக்க இன்னொரு பொருளையும் சேர்த்து வைத்திருக்கிறது. சந்தையில் நேரம் சென்ற சுறாவில் அமோனியா மூக்கில் அடிக்குமே, அது பற்றீரியா உடைத்த அந்த யூரியாதான். சுறா வறைக்குப் புதுச் சுறாவைத்தான் வாங்க வேண்டும் என்று எங்கள் வீடுகளில் அடம்பிடிப்பதன் காரணம் இதுவே.

இறக்கக்கண்டிக் களப்போரம் நிற்கிற கண்ணா மரத்தையும் கண்டலையும் பற்றி எழுதினால் இன்னொரு கடிதம் வேண்டும். கண்ணா இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும் என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி வை. இலையிலே உள்ள சுரப்பிகள் உப்பை வெளியே தள்ளுகின்றன. கண்டல் பெரும்பகுதி உப்பை வேரிலேயே மறித்துவிடுகிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. முகாமில் இருந்த மாதங்களில் உன் அம்மா ஒரு லீற்றர் போத்தலை அளந்து, ஆறவைத்த நீரில் ஜீவனி என்ற உப்புச் சீனித் தூளைக் கரைத்து, வயிற்றோட்டம் பிடித்த குழந்தைகளுக்குத் தேக்கரண்டி தேக்கரண்டியாகப் பருக்குவா. "அளவுக்கு மிஞ்சிச் சீனி போடாதேங்கோ, கூடினால் கூடத்தான் போகும்" என்று எங்களை அதட்டுவா. அவ சொன்னது முழு உடற்றொழிலியல். குடல் கலத்தின் மென்சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. கல்யாண வீட்டுக்குச் சோடியாகத்தான் வருவோம் என்று நிற்கிற புருசன் பெண்சாதி போல, சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே விடும். இரண்டும் உள்ளே போனால் நீர் பின்னால் போகும். கொலராவில் மற்ற வழிகள் குழம்பினாலும் இந்த வழி வேலை செய்துகொண்டே இருக்கும். றொபேட் கிரேன் 1960 இல் இந்தச் சேர்க்கையைக் கருத்தாக முன்வைத்தார். 1971 இல் வங்காளதேச அகதிகள் நிறைந்த ஓர் எல்லை முகாமில், நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைச் சனங்களின் கையிலேயே கொடுத்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு 4 இற்கும் கீழே வந்தது.

2002 இல் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சூத்திரத்தைத் திருத்தியது. இப்போது ஒரு லீற்றருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோசும் 75 மில்லிமோல். முன்பு கூடுதலாக இருந்ததைக் குறைத்தார்கள். குடலுக்குள் செறிவு கூடினால் நீர் மறுபக்கமாக, குடலுக்குள்ளே வரும். உன் அம்மா அதட்டியதும் அதற்குத்தான். "கணக்கு எதற்கு?" என்று உன் மகள் கேட்டால், இந்த 75 ஐக் காட்டி, அவளுடைய அம்மம்மா அளந்து ஊற்றிய அந்தப் போத்தலைப் பற்றியும் சொல். மோலும் மில்லிமோலும் பரீட்சைக்காகப் பிறந்தவை என்று அதற்குப் பிறகு நினைக்கமாட்டாள்.

ஆகவே பாடத்தை மாற்றுவதை இந்த வருடம் முடியும் வரை தள்ளிப் போடச் சொல். விரிவுரை முடிந்ததும் அழகாகக் கொப்பி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். இன்று சொன்னதில் ஏதாவது ஒன்றை எடுத்து, இதை யார், எதை அளந்து, எப்படிக் கண்டுபிடித்தார்கள், வேறு விடை வந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்று அரைப் பக்கம் எழுதட்டும். பெயர்கள் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆய்வுகூட அறிக்கையை நண்பர்களைப் பார்த்து எழுதாமல், தன் எண்ணிக்கை எவ்வளவு கோணலாக இருந்தாலும் அதையே வரைபில் போடட்டும். இரசாயனத்தில் அவளுக்குப் பிணைப்பும் செறிவும் பி.எச். உம் தெளிவில்லை என்று உன் கடிதத்திலிருந்து விளங்குகிறது. அதைச் சனிக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் நான் சொல்லிக் கொடுக்கிறேன், உங்களுக்குக் காலை, எங்களுக்கு இரவு, இரண்டு பேருக்கும் வசதி. காசு கீசு என்று ஏதாவது பேசினாயோ, உன்னோடு கதைக்கவே மாட்டேன்.

ஓகஸ்டில் வருவதாக எழுதியிருந்தாய். அந்த நேரம் கடல் அமைதியாக இருக்கும், புறாத்தீவுக்குப் படகு போகும், களப்போரமும் நடக்கலாம். பிள்ளையின் ஆய்வுகூடக் கொப்பியையும் கொண்டு வரச் சொல், நான் பார்க்க வேண்டும். இங்கே என் வகுப்புக்கு மெல்லிய நுனி இடுக்கிகள் கிடைப்பதில்லை, அங்கே வாங்கக் கூடியதாக இருந்தால் ஐந்தாறு கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழி