கொட்டிய சாம்பலைக் கரைத்துப் பாருங்கள்: சுரங்க அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கடலூர் மாவட்டத்தில் முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் நான். வலுவான காந்தங்கள் செய்ய உதவும் உலோகக் குடும்பமான அருமண் தனிமங்களில் ஏழின் ஏற்றுமதிக்குச் சீனா 2025 ஏப்ரலில் கட்டுப்பாடு விதித்தபோது, காந்தம் கிடைக்குமா என்று நம் வாகன ஆலைகள் தடுமாறின. அதன்பின் எல்லோர் பார்வையும் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் பக்கம் திரும்பியிருக்கிறது. அந்த மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் நிறைந்திருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற எடை குறைந்த வகைகள். சூட்டிலும் காந்தம் வலுவிழக்காமல் காக்கும் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் அதில் மிகச் சொற்பம். போதாக்குறைக்குக் கதிரியக்கமுள்ள தோரியம் வேறு. குமரிக் கரை மீனவர்களின் அச்சத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

இன்னொரு இடம் இருக்கிறது. அதைத் தோண்ட வேண்டியதில்லை; ஏற்கெனவே தோண்டி, எரித்து, குவித்தாயிற்று. நிலக்கரி எரியும்போது கரி காற்றோடு போய்விடும். அருமண் தனிமங்கள் ஆவியாகாமல் சாம்பலில் தங்கிச் செறியும். எடை கூடிய வகைகளின் விகிதமும் மோனசைட்டைவிடச் சாம்பலில் பொதுவாக அதிகம். நம் நாட்டு அனல்மின் நிலையங்கள் ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் சாம்பலைத் தள்ளுகின்றன.

ஆனால் சாம்பலில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடாதீர்கள். எவ்வளவு கரைந்து வெளியே வரும் என்பதே முக்கியம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அந்நாட்டின் கிழக்கிலுள்ள அப்பலாச்சியன் மலைப்பகுதி நிலக்கரியின் சாம்பலில் டன்னுக்குச் சராசரியாக 591 கிராம் அருமண் தனிமங்கள் இருந்தன. மேற்கிலுள்ள பவுடர் ரிவர் படுகை நிலக்கரியின் சாம்பலில் 337 கிராம்தான். ஆனால் அமிலத்தில் இட்டபோது முன்னதில் ஏறத்தாழ 30 விழுக்காடே பிரிந்தது, பின்னதில் 70 விழுக்காடு வரை பிரிந்தது. கடும் சூட்டில் உருகிய சாம்பல் கண்ணாடி மணிகளாக உறைந்து, தனிமங்களை உள்ளே பூட்டிக்கொள்கிறது. பவுடர் ரிவர் படுகையுடையது போலச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த சாம்பலில் அந்தப் பூட்டு தளர்வு.

இதைப் படித்ததும் எனக்கு நெய்வேலிதான் நினைவுக்கு வந்தது. அங்குள்ள பழுப்பு நிலக்கரிச் சாம்பல் சுண்ணாம்பு மிகுந்தது என்பதைக் கட்டுமானப் பொறியாளர்கள் நன்கு அறிவார்கள். 1962 முதல் அங்கே மின்சாரம் உற்பத்தியாகிறது; சாம்பலும் அன்றுமுதல் சேர்கிறது. இரண்டாம் அனல்மின் நிலைய விரிவாக்கத்தில் உள்ள சுழல் படுகைக் கொதிகலன்கள் ஏறத்தாழ 850 டிகிரியில் இயங்குபவை. அந்தச் சூட்டில் சாம்பல் கண்ணாடியாக உருகாது. ஆகவே இந்தச் சாம்பலையும் கூடுதல் சூட்டில் எரியும் மற்றக் கொதிகலன்களின் சாம்பலையும் ஒரே ஊரில் அருகருகே வைத்து ஒப்பிடலாம். இதைவிடப் பொருத்தமான சோதனைக்களம் நாட்டில் வேறெங்கும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இடர்ப்பாட்டையும் மறைக்காமல் சொல்கிறேன். அதே சுண்ணாம்பு அமிலத்தைக் குடித்துத் தீர்க்கும், செலவு கூடும். அருமண் தனிமங்களோடு ஆர்செனிக் போன்ற நச்சுகளும் கரைந்து வரும். பிரித்தெடுத்தபின் மிஞ்சும் சேறு எங்கே போகும்? நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்த ஊர்களின் ஓடைகளுக்கு அது போய்விடக் கூடாது.

தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு 16,300 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள். சாம்பல், அலுமினிய ஆலைகளின் செஞ்சேறு போன்ற கழிவுகளிலிருந்து கனிமங்களை மீட்கும் முன்னோடித் திட்டங்களுக்கென்று அதில் 100 கோடி. அதில் ஒரு பங்கை நெய்வேலிக்குத் தாருங்கள். கொதிகலன்வாரியாகச் சாம்பலில் எவ்வளவு கரைகிறது, டன்னுக்கு எவ்வளவு அமிலம் செலவாகிறது, மிஞ்சும் சேற்றில் என்ன இருக்கிறது என்ற மூன்று கணக்கையும் தமிழில் அச்சிட்டு, சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டத்து ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்