கோபத்துக்குள் ஒளிந்திருக்கும் வேதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர்கள் சக மாணவரைக் கொடுமைப்படுத்தினார்கள் என்று புகார் வந்தால், காயம் இருக்கிறதா, பிள்ளை அழுததா என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறோம். பெண் பிள்ளைகளுக்கு நேர்வது முதல் கேள்வியில் விடுபடுகிறது. ஆண் பிள்ளைகள் படும் பாடு இரண்டாவதில்.

யுனெஸ்கோவின் 2019 அறிக்கைப்படி, உலகில் மாணவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் முந்தைய ஒரு மாதத்துக்குள் சக மாணவரின் கொடுமைக்கு ஆளானவர். அடி, உதை பையன்களுக்கு அதிகம். பெண்களுக்கு அதிகம் நேர்வது ஒதுக்கிவைப்பதும் வதந்தியும். செய்பவர்கள் பல நேரம் நேற்றுவரை தோழிகள், ரகசியமெல்லாம் அறிந்தவர்கள். அதனால் 'என்னிடம்தான் ஏதோ குறை' என்ற எண்ணம் வேரூன்றி, பதற்றமாகவும் மனச்சோர்வாகவும் வளர்கிறது.

பையன்களிடம் அதே வேதனை எரிச்சலாக, சண்டையாக, வகுப்புக்கு வராமையாக வெளிப்படுவதுண்டு. வளரிளம் பருவத்து மனச்சோர்வைக் கண்டறியும்போது சோகத்துக்குப் பதிலாக எரிச்சலையும் அறிகுறியாகக் கொள்ளலாம் என்கின்றன மருத்துவ வரையறைகள். பள்ளியோ அதை ஒழுங்கீனம் என்று எழுதி இடைநீக்கம் செய்கிறது. "ஆம்பளையா நீ?" என்று கேலிக்குள்ளானவன் வாய் திறப்பதும் அரிது. புகார் சொன்னாலே அந்தக் கேலி உண்மையாகிவிடும் என்று அஞ்சுகிறான். (கோபப்படும் பெண்களும் அழும் பையன்களும் ஏராளம். இது போக்குதான், விதியல்ல.)

"யாராவது உன்னைக் கொடுமைப்படுத்துகிறார்களா?" என்று பொதுவாகக் கேட்டால் 'இல்லை' என்றே பதில் வரும். நார்வே உளவியலாளர் டான் ஓல்வியஸின் கேள்வித்தாள், ஒதுக்கினார்களா, பொய் பரப்பினார்களா, தள்ளினார்களா என்று செயல்வாரியாகக் கேட்கிறது. மாதம் 2, 3 முறை என்றாலே கணக்கில் கொள்கிறது. அப்படியே பெயர் எழுதாத தாளில் கேளுங்கள். தனியே பேசும்போது பையனிடம் "வருத்தமா?" என்பதைவிடத் தூக்கம், வயிற்றுவலி, பள்ளிக்குப் போகப் பிடிக்காத நாட்கள் என்று தொடங்குவது பலன் தரும்.

கொடுமை செய்த பிள்ளையையும் அதற்கு ஆளான பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைக்காதீர்கள். இது சமபலச் சண்டையல்ல. பலவீனமான பிள்ளை அங்கே சமாதானம் சொல்லிவிட்டு வெளியே அடி வாங்கும். ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் மறுபடி விசாரியுங்கள். கைப்பேசியில் தொல்லை என்றால் பெற்றோர் அதைப் பிடுங்கக் கூடாது. அடுத்த முறை பிள்ளை சொல்லாது. திரைப்பதிவை (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள்.

வாழப் பிடிக்கவில்லை என்ற சாயல் தெரிந்தால், தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மனநல ஆலோசகர்கள் சிலர்