கட்டுரையை அனுப்பும் முன்

கம்பம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கட்டுரை வந்தது. முதல் தடவை சந்தோஷத்தில் படித்ததால் ஒரு பிழையும் கண்ணில் படவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு, அச்சகத்தில் புரூஃப் பார்த்த காலத்தைப் போல சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன்.

'முல்லைப் பெரியாறு அணை புகழ்பெற்ற அணைகளில் ஒன்று' என்று தொடங்கியிருக்கிறாய். அதை எடுத்துவிடு. அணையைப் பார்க்காதவர்கூட அப்படி எழுதலாம். மூன்றாம் பக்கத்தில் ஒரு பெரியவர் வருகிறாரே, மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் அணைத் தண்ணீர் இறங்குவதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டவர், அவரை முதல் வரிக்குக் கொண்டு வா. அவர் ஏன் கும்பிட்டார் என்று வாசகர் கேட்பார். அப்புறம் மேற்கே ஓடுகிற ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய கதையைச் சொல், காது கொடுப்பார்கள். 1886 ஒப்பந்தம், 999 வருஷக் குத்தகை, 8,000 ஏக்கர், 1895 திறப்பு எல்லாவற்றையும் ஒரே பத்தியில் அடைத்திருக்கிறாய். கதை எந்த இடத்தில் கேட்கிறதோ அங்கே ஒவ்வொன்றாக வை.

இனி அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக். இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று எழுதியிருக்கிறாய். நம் பள்ளத்தாக்கில் சின்னப் பிள்ளைகூட இதைச் சொல்லும். பாலார்பட்டியில் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். நம் வீட்டிலும் அவர் படம் இருக்கிறது, எனக்கும் அவர் சாமி மாதிரிதான். ஆனால் இதற்கு நீ என்ன ஆதாரம் பார்த்தாய்? அந்த வேலையில் இருந்த பொறியாளர் மெக்கன்சி எழுதிய பெரியாறு திட்ட வரலாறு 1899-இல் மதராஸில் அச்சானது. அதைத் தேடிப் படி. ஆதாரம் கிடைத்தால் எங்கே கிடைத்தது என்று எழுது. கிடைக்காவிட்டால் 'ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்' என்று எழுது. அதனால் அவருக்கு ஒரு குறைவும் வராது. ஊர் அவரை எவ்வளவு நேசிக்கிறது என்பதும் ஒரு செய்திதானே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு பத்திரிகையில் கண்மாய்ப் பாசனத்தைப் பற்றி எழுதினேன். ஏக்கர் என்று போட வேண்டிய இடத்தில் ஹெக்டேர் என்று போட்டுவிட்டேன். இரண்டரை மடங்கு நிலம் கூடிவிட்டது. அந்த ஆயக்கட்டு விவசாயி ஒருவர் தபால் கார்டில் எழுதிக் கேட்டிருந்தார். அடுத்த இதழில் திருத்தம் வந்தது, ஆனால் அந்தக் கார்டைப் படித்தபோது பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. நீ போட்டிருக்கும் எண்களை அலகோடு சேர்த்து ஒரு தாளில் தனியாக எழுதி, எங்கிருந்து எடுத்தாய் என்று பக்கத்தில் குறித்து வை. ஆசிரியர் கேட்டால் உடனே சொல்லலாம்.

அனுப்புவது பெரிய வித்தை இல்லை. அந்தப் பத்திரிகையின் நாலைந்து பழைய இதழ்களைப் படித்து, கட்டுரைகள் எவ்வளவு நீளம் என்று பார். யூனிகோடில் அனுப்பு. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதே, அது தப்பு. அவர்கள் வெட்டினால் வருத்தப்படாதே, பொருள் மாறியிருந்தால் மட்டும் பேசு.

சரி, கடைசிப் பத்தியில் 'தண்ணீரைக் காப்போம்' என்று முடித்திருக்கிறாய். அது வேண்டாம், பாப்பா. பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு வயலுக்கு நடந்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய், அங்கேயே நிறுத்து.

ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தி அனுப்பினால் இங்கே பிரிண்ட் எடுத்து இன்னொரு தடவை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா