மேசையில் இருக்கும் கடலை மிட்டாய் டப்பா

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில், பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டாய். எனக்கு மனசு கேட்கவில்லை.

ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்க மேசையில் கடலை மிட்டாய் டப்பா, பக்கத்தில் சர்க்கரை போட்ட காபி. கேட்டால், "வெல்லத்தில் செய்ததுதானே அப்பா" என்கிறாய். நாம் சாப்பிடும் சோறே வெல்ல மண்டி போட்டதுதான். இருந்தாலும் சொல்கிறேன், பல்லுக்கு வெல்லமும் சர்க்கரையும் ஒன்றுதான். இரண்டிலும் பெரும்பங்கு சுக்ரோஸ் என்கிற ஒரே இனிப்புப் பொருள்தான்.

இங்கே லீ பஜார் வெல்ல மண்டிகளில் சிப்பம் சிப்பமாக வெல்லத்தைக் கிள்ளி வாயில் போட்டு ருசி பார்ப்பவர்களை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். ஒரு தடவைக்குப் புளியங்கொட்டை அளவுகூட இருக்காது. வீட்டில் இனிப்பே தொடாதவர்கள்கூட அவர்களில் உண்டு. ஆனால் சிரிக்கும்போது பார்த்தால், ஈறு இறங்கி வேர் தெரிகிற இடத்தில் பழுப்பாக ஒரு பள்ளம் இருக்கும். எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதுதான் பல்லை அதிகம் கெடுக்கிறது. வாயில் இருக்கும் கிருமிகள் இனிப்பை அமிலமாக்கும். அமிலத்தை அளக்கும் பி.எச். எண் குறையக் குறைய அமிலம் அதிகம்; அது 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேல் இருக்கும் கெட்டியான எனாமல் பூச்சு கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேண்டும். அதற்குள் நீ அடுத்த துண்டை எடுத்துவிடுகிறாய். வேரில் எனாமலும் கிடையாது, அது இன்னும் சீக்கிரம் கரையும். பெரியவர்களுக்குச் சொத்தை வராது என்று யார் சொன்னது?

ஈறு விஷயம் வேறு. பல்லோரம் சேரும் அழுக்குப் படலத்தால்தான் ஈறு வீங்கி ரத்தம் வருகிறது, அடிக்கடி இனிப்புப் பட்டால் அந்தப் படலம் தடித்துக்கொண்டே போகும். இப்போதே கவனித்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். விட்டுவிட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும், கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் உனக்கும் வர வாய்ப்பு உண்டு, நீ இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஈறு நோயும் சர்க்கரை நோயும் ஒன்றையொன்று மோசமாக்கும்.

இனிப்பை அடியோடு விடச் சொல்லவில்லை. ஆசையாக இருந்தால் சாப்பாட்டோடு சாப்பிட்டு முடித்துவிடு. நடுவில் பசித்தால் வறுத்த வேர்க்கடலை கொறி, காபியைச் சர்க்கரை இல்லாமல் குடி, தண்ணீர் நிறையக் குடி. வேலை முடிந்து வந்து பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அப்படியே படுக்காதே, தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். ஃப்ளூரைடு பேஸ்ட்டால் தேய்த்துவிட்டுப் படு. ரத்தம் வருகிறதே என்று தேய்ப்பதை நிறுத்திவிடாதே. மிருதுவான பிரஷ் வாங்கிக்கொள்.

அப்புறம், இந்த வாரமே பல் டாக்டரிடம் போ. பல்லில் இறுகிப் படிந்த காரையை எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னால் எடுத்துக்கொள், எடுத்தால் பல் ஆடிப்போகும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், நம்பாதே. பணம் அனுப்புகிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா
சேலம்