தொட்டுப் பார்க்க விட்டவர்களுக்கு நன்றி

எங்கள் பிள்ளைகள் எழுதத் துணை நின்ற எல்லாருக்கும் வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று நோட்ஸில் உள்ளதை அப்படியே இறக்கிவைத்துப் பழகிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், இந்த ஆண்டு பழைய பொருள்களைக் கையில் வைத்துக்கொண்டு சொந்தமாக எழுதினார்கள். அந்தப் பொருள்களைத் தந்தவர்கள் நீங்கள்.

கீழடி அருங்காட்சியகத்தில் எங்களுக்கு விளக்கம் சொன்ன தம்பிக்கு முதல் நன்றி. பானை ஓடுகள் இருந்த பேழையின் முன்னால், பிள்ளைகள் போதும் என்று சொல்லும்வரை எங்களை நிற்க விட்டீர்கள். ஆதன், குவிரன் என்று தமிழ்ப் பிராமியில் கீறிய பெயர்களைக் காட்டி, "இது ராஜா வெட்டிய கல்வெட்டு இல்லை, வீட்டில் புழங்கிய பானை" என்றீர்கள். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. "பக்கத்து வீட்டில் பானையை மாற்றி எடுத்துப் போயிருப்பார்கள், அதனால்தான் பெயர் எழுதிவிட்டான்" என்று ஒருவன் எழுதினான். "சமைத்தது அம்மா, பானையில் அவள் பெயர் எங்கே?" என்று ஒரு மாணவி கேட்டு எழுதினாள். வட்டச் சில்லுகளைப் பார்த்ததும் பாண்டி ஆட்டம் என்று எல்லாரும் கத்தியதைப் பொறுத்துக்கொண்டதற்கும் நன்றி.

கண்ணாடிக்குள் இருப்பதைத் தொட முடியாது. அந்தக் குறையை மானாமதுரை வேளார் ஐயா தீர்த்துவைத்தார். கடம் செய்யும் வேலையை நிறுத்திவிட்டு எங்களுக்காகக் கறுப்பும் சிவப்புமாக ஒரு பானை சுட்டுக்கொடுத்தார். கவிழ்த்துவைத்துச் சுடும்போது காற்றுப் படாத உள்பக்கம் கறுக்கும், வெளிப்பக்கம் சிவக்கும் என்று அவர் சொன்னதைப் பிள்ளைகள் அவர் பேச்சிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஐயா, "உடைந்தால் உடையட்டும், வேறு செய்து தருகிறேன்" என்றீர்களே, அதற்குப் பிறகுதான் பின்வரிசைப் பையன்கள் கிட்டே வந்தார்கள்.

பாத்திரக்கடை அண்ணாச்சி ஓட்டைக் காலணாக்களைக் கொடுத்தார். போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த 1943இல் நடுவில் துளையிட்டு வெளியிட்ட காசு. ரூபாய்க்கு அறுபத்து நான்கு. ராஜா தலை இல்லை, கிரீடம் மட்டும்தான். இதைக் கொடுத்து, 'நான் ஒரு நாணயம் பேசுகிறேன்' என்று தொடங்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன். பொருளை வாயாடியாக்கிவிட்டால் பிள்ளைகள் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். எடை, மணம், தேய்மானம் இவற்றை மட்டும் முதல் நாள் எழுதச் சொன்னேன். கதை எல்லாம் அப்புறம்தான். விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதைக் கண்ட ஒருத்தி, இதை யாரோ கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டியிருக்க வேண்டும் என்று ஊகித்தாள். அது சரியோ இல்லையோ, பார்த்து யோசித்து எழுதினாள். எனக்கு அது பெரிது.

எல்லாவற்றிலும் அதிகம் எழுத வைத்தது மேலத்தெரு அப்பத்தா தந்த, நெல் அளக்கும் மரக்காலும் படியும்தான். அப்பத்தா சும்மா கொடுத்து அனுப்பவில்லை, வகுப்புக்கே வந்து நெல்லை அளந்து காட்டினார். எட்டுப் படி ஒரு மரக்கால் என்பது புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் விற்கும்போது தலைதட்டி அளப்பதும், கொடுக்க மனசு உள்ளவர்கள் குவித்து அளப்பதும், கூலி நெல் வாங்கும்போது அளக்கிறவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று மாலை பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தங்கள் பாட்டிமார்களிடம் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் வந்த கட்டுரைகளில் யார் வயலில் யார் கூலிக்குப் போனார்கள் என்பதெல்லாம் இருந்தது. சிலதை வகுப்பில் வாசிக்கவில்லை. எழுதியவர்களே வேண்டாம் என்றார்கள், அவர்கள் விருப்பப்படியே விட்டேன். அப்பத்தா, உங்கள் பேச்சுக்கு என்ன கைம்மாறு செய்வது என்று தெரியவில்லை.

இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக்கொள்ள விட்ட தலைமையாசிரியருக்கும், மரப்பெட்டி, எழுத்தாணி, பழைய அஞ்சலட்டை என்று கொடுத்தனுப்பிய பெற்றோருக்கும் நன்றி.

முழுத்தேர்வுக்கு முன் எல்லாப் பொருள்களையும் அவரவர் வீட்டுக்கே பிள்ளைகள் கொண்டுவந்து தருவார்கள். கூடவே உங்கள் பொருளைப் பற்றி அவர்கள் எழுதியதன் கையெழுத்துப் பிரதியும் வரும். படிக்கச் சிரமமாக இருந்தால் அவர்களையே உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பானையை மட்டும் வேளார் ஐயா திருப்பி வாங்க மறுத்துவிட்டார். அது அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு.

நன்றியுடன்,
தமிழாசிரியை