கராத்தே வகுப்பு சரிங்க, கம்பெனி வேன்?

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு,

வணக்கமுங்க. மகளிர் தினத்தன்று மெஷின்களை நிறுத்திவிட்டு, ஒரு மாஸ்டரை வரவழைத்து எங்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடத்தும் கம்பெனிகள் உண்டு. நல்ல காரியம்தான். அதில் கற்றது எதுவரை கைகொடுக்கும், அதற்கு மேல் உங்கள் பொறுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கையைப் பிடித்துவிட்டால் பின்னால் இழுக்காதே, பிடித்தவனின் கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பி உருவு என்று சொல்லித் தருகிறார்கள். பின்னாலிருந்து கட்டினால் குதிகாலால் அவன் பாதத்தை மிதி, முழங்கையால் விலாவில் இடி, கத்து, வெளிச்சம் இருக்கிற கடையைப் பார்த்து ஓடு. சண்டையில் ஜெயிக்க வேண்டாம், தப்பித்தால் போதும். எல்லாம் உபயோகமானவை. ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் பார்த்துவிட்டுப் போனால் கைக்கு வராது. ஓவர்லாக் தையல் மெஷின் பழக எத்தனை நாளாகும் என்று எங்களைவிட உங்களுக்குத் தெரியும். மாதம் அரை மணி நேரம், வேலை நேரத்திலேயே, சம்பளம் பிடிக்காமல் ஒதுக்குங்கள். சேலையோடும் சுடிதாரோடும், தோளில் சோற்றுப் பையோடும் பழகவிடுங்கள். ராத்திரி ரோட்டில் யாரும் டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு நடப்பதில்லை.

அந்த வகுப்பில் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது சட்டம். திருப்பி அடித்தால் நம்மேல்தான் கேஸ் வருமோ என்று பயப்படுகிற பெண்கள் ஏராளம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. ஆபத்துக்குத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். பலாத்காரம் செய்யவோ கடத்தவோ தாக்கினால், ஆசிட் வீச வந்தால், அவன் உயிரே போனாலும் அந்த உரிமை செல்லும் என்கிறது 38ஆவது பிரிவு. இதை மாஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலம்மாவை நிற்க வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். அவசர உதவிக்கான 112, பெண்கள் உதவிக்கான 181 இரண்டு எண்களையும் அங்கேயே எல்லார் போனிலும் போட்டுக் கொடுக்கலாம்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்களில் பலருக்குப் பயம் முகம் தெரியாதவனிடம் இல்லை. பீஸ் பார்க்கிற சாக்கில் தோளில் சாய்கிற சூப்பர்வைசரிடமும், போன் நம்பர் கொடுத்தால் லேசான வேலை தருகிறேன் என்கிற காண்ட்ராக்டரிடமும்தான். அவன் விலாவில் இடித்தால் சனிக்கிழமை சம்பளம் என்ன ஆகும்? எந்தக் கராத்தே மாஸ்டரிடமும் இதற்குப் பதில் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது.

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில், புகாரை விசாரிக்கிற உள்ளகக் குழு கட்டாயம். தலைமை ஒரு பெண்ணிடம், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு அமைத்த உத்தரவைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டிய கம்பெனியிலும் அது ஆபீஸ் ரூமுக்குள், பையர் ஆடிட்டுக்கு வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி இருந்தால் எங்களுக்கு என்ன பிரயோஜனம்? சாப்பாட்டுக் கூடத்திலும் பாத்ரூம் வாசலிலும் ஒட்டுங்கள். ஒடியாவிலும் இந்தியிலும் கூட. அந்த மொழி பேசும் பெண்கள் ஊரைவிட்டு வந்தவர்கள். லைன் வீட்டில் கதவைத் தட்டினால் திறக்க ஆளில்லாதவர்கள்.

'அது காண்ட்ராக்டர் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று சொல்லாதீர்கள். காண்ட்ராக்டர் மூலம் வந்தவரும் இந்தச் சட்டப்படி உங்கள் பணியாளர்தான். அதே மாதிரி நீங்கள் அனுப்பும் வேனும் பணியிடம்தான். ஒன்றரை ஷிப்ட் முடித்துப் பெருமாநல்லூர்ப் பக்கமோ ஊத்துக்குளிப் பக்கமோ போகிற வேனில் கடைசியாக இறங்குகிறவள் டிரைவரோடு தனியாக வருகிறாள். அவளுக்குத் துணையாக ஒரு பெண் கடைசிவரை வரட்டும். மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டு, இருட்டுச் சந்துக்குள் அவளைத் தனியாக நடக்க விடவும் வேண்டாம். டீசல் எவ்வளவு மிச்சமாகிவிடும்?

புகார் கொடுத்தவளின் பெயர் டீ டைமுக்குள் எல்லா டேபிளுக்கும் பரவினால் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பொள்ளாச்சி பாலியல் கொடுமை வழக்கில் 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறையே வெளியில் சொன்னது. அந்தப் பயத்தைத் தாண்டிப் பெண்கள் சாட்சி சொன்னதால்தான் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. கம்பெனி விசாரணையிலும் பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டம். விசாரணை முடியும்வரை யாரை வேறு இடத்துக்கு மாற்றுவது என்று வந்தால் ஏன் எப்போதும் அவளையே மாற்றுகிறீர்கள்?

ஆகாத காரியமும் இல்லை. 2021இல் பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலைத் தொழிலாளியான ஓர் இளம்பெண் கொலையுண்டார். அங்கே வேலை பார்த்த மேற்பார்வையாளர் கைதானார். அதற்குப் பிறகு 2022இல் தொழிற்சங்கமும் நிறுவனமும் வெளிநாட்டு பிராண்டுகளும் சேர்ந்து திண்டுக்கல் ஒப்பந்தம் போட்டார்கள். 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம் தொழிலாளர்களிலிருந்தே துன்புறுத்தலைக் கண்காணிப்பவர்கள் வந்தார்கள். ஒரு உயிர் போகும்வரை நாமும் காத்திருக்க வேண்டுமா?

அடுத்த மார்ச் 8க்கு மாஸ்டரைக் கூப்பிடும்போது சூப்பர்வைசர்களையும் காண்ட்ராக்டர்களையும் முதல் வரிசையில் உட்கார வையுங்கள். நீங்களும் வாங்க.

இப்படிக்கு,
செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒருத்தி,
திருப்பூர்.