பரணில் இருந்த மூன்றாம் பாகம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பின்பக்கத்து முருங்கை காற்றில் முறிந்துவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

போன மாதம் பேசும்போது, எதைச் சாப்பிட்டாலும் ருசி தெரியவில்லை என்றாய். உடனே பேச்சை மாற்றிவிட்டாய். அதற்கப்புறம் வாட்ஸப்பில் 'ம்', 'சரி' தவிர ஒன்றும் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். சரி.

எட்டு மாதமாக உன் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலைப் படிக்கிறேன். பக்கத்தில் அகராதி, ராத்திரிக்கு நாலைந்து பக்கம். பதினோராம் வகுப்பிலேயே இந்த இங்கிலீஷைத் தடங்கலில்லாமல் படித்திருக்கிறாயே! மந்திரவாதி கண்டால்ஃப் பாலத்தில் நின்று நெருப்புப் பூதத்தை மறிப்பதை, துடைப்பத்தை ஊன்றி நடித்துக் காட்டுவாய். எனக்கு மனதில் நின்றது வேறு இடம். மூன்றாம் பாகத்தில், அந்தப் பொல்லாத மோதிரத்தை அழிக்க எரிமலைக்குச் சுமந்து போகும் வழியில், சாப்பாட்டின் ருசி, மரம், புல், பூ எதுவுமே நினைவில் இல்லை என்கிறான் ஃப்ரோடோ. அந்த இடத்தில் மூடிவைத்தேன். இரண்டு நாள் தொடவில்லை.

மறுபடி எடுத்தால், மோதிரத்தை வாங்கிச் சுமக்க முடியாத அவன் தோழன் சாம், ஃப்ரோடோவையே முதுகில் தூக்கிக்கொள்கிறான். கனக்கும் என்று நினைத்தவனுக்கு, குழந்தையை உப்பு மூட்டை தூக்கியதுபோல் லேசாக இருக்கிறதாம். இதை எழுதிய டோல்கீன், முதல் உலகப் போரில், 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் இருந்தவர். போரில் தான் பார்த்த சாதாரணச் சிப்பாய்களின் சாயல்தான் சாம் என்று எழுதியிருக்கிறார். மாயமந்திரக் குப்பை என்று அன்றைக்கு உன்னைத் திட்டியது தப்பு. நீ அங்கே தனியாகத்தான் சாப்பிடுகிறாயா?

மூன்றாம் பாகம் ஏது என்று கேட்பாய். அது தொலையவே இல்லை, தம்பி. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் நான்தான் பித்தளை அண்டாவுக்குள் போட்டுப் பரணில் ஏற்றினேன். எதிர்வீட்டுப் பையன்தான் எடுத்திருப்பான் என்று நீ அவனோடு பேச்சை நிறுத்தினாய். நான் அடுப்படியில் வாய் திறக்காமல் நின்றேன். பரீட்சை முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். நீ வாங்கிய 1,140 மதிப்பெண்ணைத் தெருவெல்லாம் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. பதினோரு வருஷம் ஆகிவிட்டது. நீ அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் அதே பக்கத்தில் இருக்கிறது, எழுத்துதான் அழிந்துவிட்டது.

நேற்று அந்தப் பையன் ஊருக்கு வந்திருந்தான். புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டிச் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. டிக்கெட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அவன் எப்படி இருக்கான் அத்தை?" என்றான். நல்லா இருக்கான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் நம்பரைக் கேட்டான். கொடுத்திருக்கிறேன். என்மேல் கோபம் இருந்தால் என் போனை எடுக்காதே, அவன் கூப்பிட்டால் எடு. மோராவது குடி. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா